குளத்து நீரில் காலரா நச்சு மரபணு: எந்தச் சோதனை யாருக்கு?

ஒவ்வொரு டிசம்பரிலும் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் தலைப்பு கேட்டு வருவார்கள். அவர்களில் ஒருவராவது ஊர்க் குளத்திலோ கழிமுகத்திலோ காலரா பாக்டீரியாவான விப்ரியோ காலரேயைத் தேடி, அதில் நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்படுவார். நல்ல ஆசை. அடுத்த கேள்வியும் எனக்குப் பழகிப்போனதுதான். "கல்ச்சர் போடணுமா மேடம், நேரா தண்ணியிலேயே பிசிஆர் பண்ணிடலாமா, இல்ல சீக்வென்சிங்குக்கு அனுப்பிடலாமா?" கல்ச்சர் என்றால் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது, பிசிஆர் என்றால் தேடும் டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பது, சீக்வென்சிங் என்றால் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிப்பது.

போன வருடம் இதே கேள்வியோடு இன்னொருவர் வந்தார். ஒரு சிற்றூரில் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். ஒரே வாரத்தில் ஒரே தெருவில் ஐந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. கையில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர். "இதுல காலரா விஷம் இருக்கான்னு சொல்லுங்க மேடம், அது போதும்" என்றார்.

புராஜெக்ட் தலைப்போடு வரும் மாணவிக்கும் இவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. விடை தெரிந்ததும் நாளைக் காலையில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறைய பேர் எது நவீனம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, கிடைத்த விடையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த மரபணு யாருடையது?

விப்ரியோ காலரே தண்ணீரிலேயே பிறந்து வளரும் பாக்டீரியா. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகம் அதற்குச் சொந்த வீடு மாதிரி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 65 கிராமங்களில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழு நடத்திய ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீரை வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2003இல் வெளிவந்த முடிவு. பாக்டீரியாவைப் பிடிக்கும் அளவுக்குப் புடவையின் துளைகள் சிறியவை அல்ல. பாக்டீரியா ஒட்டியிருந்த மிதவை உயிரிகள் துணியில் தங்கிவிட்டன, அவ்வளவுதான்.

இந்த ஒரே சிற்றினத்தில், செல்லின் மேலுறைச் சர்க்கரையை வைத்துப் பிரித்த 200க்கும் மேற்பட்ட ஓ-வகைகள் உண்டு. இவற்றில் பெரும் கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டே. குளத்தில் எடுக்கும் விப்ரியோக்களில் பெரும்பாலானவற்றில் காலரா நச்சுக்கான சிடிஎக்ஸ் மரபணு இருக்காது. அந்த மரபணு பாக்டீரியாவின் பூர்வீகச் சொத்தே இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ், அதாவது பேஜ், கொண்டுவந்து கொடுத்தது. இதை ஆய்வாளர்கள் வால்டரும் மெக்கலனோஸும் 1996இல் காட்டினார்கள். இழை போன்ற அந்த பேஜ், பாக்டீரியாவின் மேல் டிசிபி என்ற மெல்லிய ரோமங்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. குடலில் கூட்டமாக ஒட்டிப் பெருகவும் பாக்டீரியாவுக்கு அதே ரோமங்கள்தான் வேண்டும். ஆகவே டிசிபி இருக்கும் விப்ரியோவில் இன்று சிடிஎக்ஸ் இல்லாவிட்டாலும், நாளை வந்து சேர வாசல் திறந்திருக்கிறது.

சோதனைக்கு இதனால் என்ன? சிடிஎக்ஸ் மரபணு தெரிந்தது என்றால் அது உயிருள்ள ஓ1 பாக்டீரியாவில் இருக்கலாம். போன வாரமே செத்துப்போன செல்லில் மிச்சமாக இருக்கலாம். விப்ரியோ மிமிகஸ் என்ற நெருங்கிய உறவிலும் அதே மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். மரபணு இருக்கிறது என்பது ஒரு செய்தி, அதைச் சுமப்பது யார் என்பது வேறு செய்தி. கீழே வரும் சோதனைகளை அந்த இரண்டாவது செய்தியைச் சொல்லுமா என்ற ஒரே அளவுகோலால்தான் நான் எடைபோடுவேன்.

கல்ச்சர்

பழைய முறை, மெதுவான முறை, இன்றும் நான் முதலில் நம்பும் முறை. தண்ணீரைக் காரத்தன்மை கூடிய பெப்டோன் கரைசலில், 8.6 பிஎச்சில், ஆறு முதல் எட்டு மணி நேரம் வளர்க்க வேண்டும். மற்ற பாக்டீரியா தயங்கும் அந்தக் காரத்தில் விப்ரியோ வேகமாகப் பெருகி மேற்பரப்புக்கு வரும். குடுவையைக் குலுக்கிவிடாமல் மேலாக இருந்து ஒரு வளையம் எடுத்து, விப்ரியோவுக்கான டிசிபிஎஸ் ஊட்டத் தட்டில் இழுத்தால், மறுநாள் காலை பச்சைத் தட்டில் மஞ்சள் காலனிகள் பளிச்சென்று நிற்கும். அங்கேதான் அவசரப்படக் கூடாது. கழிமுகத் தண்ணீரில் மஞ்சளாக வளரும் விப்ரியோ பல உண்டு, குறிப்பாக ஆல்ஜினோலிட்டிகஸ் தட்டையே நிறைத்துவிடும். காலனியைச் சாதாரண நியூட்ரியண்ட் அகருக்கு மாற்றி, இன்னொரு ராத்திரி வளர்த்து, அப்புறம்தான் ஆக்சிடேஸ் போன்ற சோதனைகளைச் செய்ய வேண்டும். டிசிபிஎஸ்ஸிலிருந்து நேராகச் செய்தால் ஆக்சிடேஸ் ஏமாற்றும்.

நூல் சோதனையை மாணவர்கள் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு சோடியம் டீஆக்சிகோலேட், அதில் கொஞ்சம் காலனி. குழைத்துவிட்டு வளையத்தை மெல்லத் தூக்கினால் பாகுக் கம்பி மாதிரி நூல் நீண்டு வரும். செல்கள் உடைந்து டிஎன்ஏ வெளியே வந்துவிட்டது. இத்தனை வருடமாக பிசிஆர் இயந்திரத்துக்குள் அனுப்பும் அந்த டிஎன்ஏவை வெறும் கண்ணால் பார்ப்பது தனி அனுபவம்.

கல்ச்சரின் பெரிய பலம், சுமப்பவர் யார் என்பது கையில் இருக்கும். குறைகளும் உண்டு. மூன்று நாளாவது ஆகும். குளிர்ந்த, சத்துக் குறைந்த தண்ணீரில் இந்தப் பாக்டீரியா உயிரோடு இருந்தும் தட்டில் வளராத நிலைக்குப் போய்விடும். தட்டு காலியாக இருப்பதால் தண்ணீரும் காலி என்று எழுதிவிட முடியாது.

இன்னொன்று, கல்ச்சருக்குப் பிறகு செய்யும் சீரம் சோதனையை (ஓ-வகைக்கு எதிரான சீரத்தோடு செல்கள் திரள்கின்றனவா என்று பார்ப்பதை) மட்டும் நம்பி நிற்பது. அதன் ஆபத்தை உலகமே கற்றுக்கொண்டது நம் சென்னையில்தான். 1992 கடைசியில் இங்கே காலரா நோயாளிகளிடம் கிடைத்த விப்ரியோ, ஓ1 சீரத்தோடு திரளவே இல்லை. அதுவரை ஓ1 இல்லையென்றால் கொள்ளைநோய் இல்லை என்பதுதான் பாடம். ஆனால் அது வங்கத்திலும் வங்கதேசத்திலும் பரவி, ஓ139 என்ற புதிய பெயரோடு பாடநூலில் ஏறியது. மேல்சட்டையை மாற்றியிருந்தது, உள்ளே நச்சு மரபணு அதேதான்.

நச்சையே நேராகத் தேடுவது

மரபணு இருப்பது வேறு, நச்சைச் சுரப்பது வேறு என்பதால் இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. ராபர்ட் கோக் 1884இலேயே காலராவுக்கு ஒரு விஷம்தான் காரணமாக இருக்கும் என்று சொன்னார். அதை நிரூபிக்க 75 வருடம் ஆனது. 1959இல் கொல்கத்தாவின் சம்புநாத் டே, பாக்டீரியாவை முழுக்க வடிகட்டி நீக்கிய கரைசலை முயலின் கட்டப்பட்ட குடல் துண்டில் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. பெரிய கருவி எதுவும் இல்லாத அறையில் செய்த வேலை. இன்று சிடிஎக்ஸ் பற்றி நாம் பேசுவதெல்லாம் அந்தக் குடல் துண்டிலிருந்துதான் தொடங்குகிறது. வாழ்ந்த காலத்தில் அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது முயல் தேவையில்லை, நச்சைப் பிடித்துக் காட்டும் எலைசாவும் லேட்டக்ஸ் கிட்டும் இருக்கின்றன. ஆனால் ஓ1இன் ஒரு பிரிவான எல் டோர் வகை விப்ரியோ சாதாரண ஊட்டக் கரைசலில் நச்சை மிகக் குறைவாகவே சுரக்கும். சுரக்கவில்லை என்று விடை வந்தால் மரபணு இல்லையா, தூங்குகிறதா என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஒரு குறிப்பிட்ட காலனியைப் பற்றிய சந்தேகத்துக்கு இது உதவும். குளத்தைக் கண்காணிக்க உதவாது.

குச்சிச் சோதனைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பச் சோதனைக் குச்சி மாதிரி கோடு காட்டும் கிட்கள் ஓ1, ஓ139 செல்லின் மேலுறைச் சர்க்கரையைத்தான் பிடிக்கின்றன, நச்சையோ அதன் மரபணுவையோ அல்ல. அவை நோயாளியின் மலத்துக்காகச் செய்யப்பட்டவை. குளத்து நீருக்கு வாங்க வேண்டாம்.

பிசிஆர்: எதன் மேல் செய்கிறோம்?

பெரும்பாலோர் பிசிஆர் என்பதை ஒரே சோதனையாக நினைக்கிறார்கள். தண்ணீரின் மேல், வளர்த்த கரைசலின் மேல், தனிக் காலனியின் மேல் என்று மூன்று இடத்தில் செய்யலாம். மூன்றுக்கும் விடையின் பொருள் வேறு.

தண்ணீரை 0.22 மைக்ரான் வடிதாளில் வடித்து நேராக டிஎன்ஏ எடுத்தால் மாலைக்குள் விடை. தட்டில் வளராத நிலையில் இருப்பதையும் பிடிக்கும். ஆனால் செத்ததும் பிடிபடும், சுமப்பவர் யாரென்று தெரியாது. அதோடு குளத்து நீரில் இலை மக்கிய பழுப்புச் சாறு இருக்கிறதே, அதிலுள்ள ஹ்யூமிக் அமிலம் பிசிஆர் நொதியை அடக்கிவிடும். ஜெல்லில் பட்டை (பெருகிய டிஎன்ஏ தெரியும் கோடு) வரவில்லை என்றால் மரபணு இல்லை என்று பொருள் இல்லை, வினையே நடக்காமல் போயிருக்கலாம். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு குழாய், எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவுக்கு ஒரு குழாய், இரண்டும் கட்டாயம்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி 12 குளத்து மாதிரிகளை ஓட்டினாள். ஜெல்லை யூவி விளக்கில் வைத்ததும் 12லும் ஏறக்குறைய 300 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்தில் சிடிஎக்ஸ்ஏ (சிடிஎக்ஸின் ஒரு பகுதி) பட்டை, ஒரே பிரகாசத்தில். அவள் சந்தோஷத்தில் கைதட்டினாள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். டிஎன்ஏவே போடாத வெறும் தண்ணீர்க் குழாய் அது. அதிலும் அதே பட்டை. ஜெல் அறையில் பயன்படுத்திய பைப்பெட்டை யாரோ கலவை தயாரிக்கும் மேசைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பழைய பாசிட்டிவ் கன்ட்ரோலின் (மரபணு நிச்சயம் உள்ள ஒப்பீட்டு மாதிரியின்) கண்ணுக்குத் தெரியாத துளி எல்லாவற்றிலும் கலந்துவிட்டது. மேசையைப் பிளீச்சால் துடைத்து, எல்லாக் கரைசல்களையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ததும் 12லும் ஒன்றுமில்லை. அந்த வெறும் தண்ணீர்க் குழாயை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தால், 12 ஊர்களின் குளங்களைப் பற்றி ஒரு பொய் அச்சேறியிருக்கும். அன்றிலிருந்து எங்களிடம் கலவை மேசைக்குத் தனி பைப்பெட், தனி கோட்டு.

நான் பரிந்துரைப்பது நடு வழி. தண்ணீரை காரப் பெப்டோனில் சேர்த்தவுடன் கொஞ்சம் எடுத்து வையுங்கள், ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டிலும் சிடிஎக்ஸ்ஏ பாருங்கள். தொடக்கத்தில் மங்கலாகவோ இல்லாமலோ இருந்த பட்டை ஆறாவது மணியில் தடித்திருந்தால், அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு ஏதோ ஒன்று உயிரோடு பெருகுகிறது. செத்த செல்லின் டிஎன்ஏ பெருகாது. பட்டை வந்த குடுவைகளை மட்டும் தட்டில் போட்டு, காலனிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து மறுபடி பிசிஆர் செய்து, வந்த கூட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்தால் சுமப்பவர் அகப்படுவார். அந்தக் காலனியில் சிற்றினத்தை உறுதிசெய்ய ஓஎம்பி-டபிள்யூ, ரோமத்துக்கு டிசிபிஏ, நச்சுக்கு சிடிஎக்ஸ்ஏ என மூன்று பிரைமர் (தேடும் மரபணுவில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போதும். சாதாரண பிசிஆர் இயந்திரமே போதும், ரியல்-டைம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எத்தனை நகல்கள் என்ற எண்ணிக்கை தேவைப்படுகிறவர்களுக்குத்தான் அது.

இறால் பண்ணைக்காரர்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். குஞ்சு விட்ட முதல் மாதத்தில் இறாலைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும் ஏஎச்பிஎன்டி நோயில், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் ஒரு பிளாஸ்மிட்டில் (தனி டிஎன்ஏ வளையத்தில்) பிர்ஏ, பிர்பி என்ற நச்சு மரபணுக்களைச் சுமக்கிறது. குட்டைத் தண்ணீரில் அந்தச் சிற்றினம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது எங்கும் இருக்கும். பிர் மரபணுவைப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

சீக்வென்சிங்

இதிலும் இரண்டு உண்டு. தண்ணீரிலுள்ள எல்லா டிஎன்ஏவையும் படிக்கும் மெட்டாஜீனோம் ஒன்று, பிடித்த ஒரு காலனியின் முழு மரபணுத்தொகுப்பைப் படிப்பது இன்னொன்று.

முதலாவதுதான் இப்போது எல்லோருக்கும் கவர்ச்சி. ஆனால் ஒரு மில்லி குளத்து நீரில் பத்து லட்சம் அளவில் பாக்டீரியா இருக்கும். நச்சு விப்ரியோ இருந்தாலும் அதில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். குறைந்த செலவில் மேலோட்டமாகப் படித்தால் அது கண்ணில் படாமலே போகும். பட்டாலும் துண்டு துண்டாகக் கிடைக்கும் வரிசையை எந்தச் செல்லோடு கோப்பது என்ற சிக்கல் வரும். பேஜில் வரும் மரபணுவுக்கு இது இரட்டைச் சிக்கல். மாணவர் புராஜெக்ட் பணத்தை இதில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாவது அப்படியல்ல. விப்ரியோ காலரேயின் மரபணுத்தொகுப்பு இரண்டு குரோமோசோம்களில் ஏறக்குறைய 40 லட்சம் எழுத்து. முதல் முழுத்தொகுப்பு 2000இல் வெளிவந்தது. 2010இல் ஹெயிட்டியில் காலரா வெடித்தபோது, அது உள்ளூர்க் கழிமுகத்தில் கிளம்பியதா வெளியிலிருந்து வந்ததா என்ற பெரிய சண்டையைத் தீர்த்தது இந்த வகைச் சோதனைதான். அங்கே கிடைத்த விப்ரியோ நேபாள விப்ரியோவோடு ஒட்டிப்போனது. சாதாரண பிசிஆர் இரண்டையும் சிடிஎக்ஸ்ஏ உண்டு என்று மட்டும் சொல்லி நின்றிருக்கும். ஆகவே நச்சு மரபணுவுள்ள காலனி ஒன்று உங்களிடம் உறுதியான பிறகு, அதை மட்டும் அனுப்புங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

சரி, யாருக்கு எது?

மாணவிக்கு நான் சொன்னது: நான்கு மாதம் இருக்கிறது. இரண்டு குளம், ஒரு கழிமுகம், மாதம் ஒருமுறை. காரப் பெப்டோன், இரண்டு நேர பிசிஆர், தட்டு, மூன்று பிரைமர். நாற்பது காலனி எடுத்து நாற்பதிலும் சிடிஎக்ஸ் இல்லையென்றால் அதையே தைரியமாக எழுது. டிசிபி மட்டும் இருக்கிற காலனி கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்து. எதை வளர்த்தாலும் வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவ் செய்யாமல் ஒரு தட்டுகூட வெளியே போகக் கூடாது.

குடிநீர்த் தொட்டிக்காரருக்கு நான் எந்த மரபணுச் சோதனையும் செய்து கொடுக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் அவர் ஊரில் ஆட்கள் நோயில் கிடக்கிறார்கள். நோயாளியின் மலத்தில் விப்ரியோ இருந்தால் ஒரு மில்லியில் கோடிக்கணக்கில் இருக்கும். அவர் பாட்டிலில் இருந்தாலும் நாலைந்தோ பத்தோ. தேட வேண்டிய இடம் தண்ணீர் இல்லை. மருந்து கொடுக்கும் முன் ஐந்து பேரின் மல மாதிரியை, வழியில் கெடாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் எடுத்து, ஐஸில் வைக்காமல், மாவட்ட மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல். வீட்டுக்கு வீடு ஓஆர்எஸ்.

தண்ணீருக்கு வேண்டியது ஒரு சொட்டில் மஞ்சளாகும் குளோரின் கிட். தெருக்கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், நோய் பரவும் நேரத்தில் 0.5 வரை ஏற்ற வேண்டும். அங்கேயே போன் போட்டுக் கேட்டார். தொட்டிக்குக் கீழே மஞ்சள் வருகிறது, அந்தத் தெருவின் கடைசிக் குழாயில் நிறமே வரவில்லை. அந்தத் தெருவில் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடம் எங்கே என்று கேட்டேன். அவருக்கே சட்டென்று தெரிந்திருந்தது. பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.